வாறன் என்பதற்குப் பதில்

எங்கள் ஊரில் வீட்டை விட்டு வெளிக்கிடுகிற யாரும் "போறன்" என்று சொல்வதில்லை. "வாறன்" என்றுதான் சொல்வார்கள். வீட்டில் இருப்பவர் "போய்ட்டு வாங்க" என்று பதில் கொடுக்க வேண்டும். "போங்க" என்று அரைவாசியில் நிறுத்தினால் அது ஆளைத் துரத்துவதற்குச் சமம். ஆள் இறந்த மௌத்து வீட்டிலிருந்து எழும்பும்போது மட்டும் ஒன்றும் சொல்லாமல் வந்துவிடுவோம். கல்முனையில் பிறந்த பிள்ளைகளுக்கு இதை யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தருவதில்லை. மாறிச் சொன்னால் வாயில் ஒரு அடி விழும், அவ்வளவுதான் பாடம்.

எனக்கு அந்த அடி பல தடவை விழுந்திருக்கிறது. பெண்பிள்ளையானாலும் எனக்குக் கோபம் மூக்கு நுனியில். "இந்த வீட்டில மனிசர் இருப்பாங்களா, நான் போறன்" என்று கத்திவிட்டுச் சைக்கிளை எடுப்பேன். உம்மா கையில் அகப்பட்டதை எறிவார். எனக்கு மூத்தவளான ராத்தா எறிய மாட்டாள். ஓடி வந்து, வேலிக்கு நடுவே ஆள் போய் வர விட்டிருக்கும் கடப்படியில், சைக்கிளின் ஹாண்டிலைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

"மாத்திச் சொல்லு."

"விடுங்க ராத்தா. எனக்கு நேரம் போகுது."

"மாத்திச் சொல்லிட்டுப் போ."

"சரி, வாறன். வாறன், வாறன், வாறன். போதுமா?"

"ஓம். போய்ட்டு வா."

அவள் அப்படி ஆனதற்குக் காரணம் இருந்தது. அது ஊருக்கே தெரியும்.

தொண்ணூறாம் ஆண்டு அவள் கலியாணம் முடித்து இரண்டு வருஷமும் ஆகியிருக்கவில்லை. எங்கள் பக்கம் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளை வந்து குடியிருப்பார். அப்படி வந்தவர் மருதமுனைக்காரர், சாரம் நெய்விக்கிறவர். நான் அவரை மச்சான் என்பேன். அவருக்கு நாலு தறி இருந்தது. நூல் வாங்க மட்டக்களப்புப் பக்கம் போய் வருவார். யுத்தம் நடந்த அந்த நாட்களில் பாதை நல்லாயில்லை. போன வாகனம் திரும்பி வந்தால் அல்ஹம்துலில்லாஹ் என்ற நிலைமை. போக வேண்டாம் என்று ராத்தா முதல் நாள் முழுக்கக் கெஞ்சினாள். நூல் இல்லாமல் தறி சும்மா கிடந்தால் நெய்கிறவர்கள் வீட்டில் அடுப்பு எரியாது என்றார் அவர். காலையில் அவள் அவரோடு கதைக்கவில்லை. தேத்தண்ணீரை மேசையில் டக்கென்று வைத்துவிட்டுத் தையல் மெசினில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

நான் அப்போது பள்ளிக்கூடம் போகிற வயது. கிணற்றடியில் பல் தீட்டிக்கொண்டு நின்றேன். மச்சான் கடப்படியில் நின்று "வாறன்" என்றார். மெசின் சத்தம் நிற்கவில்லை. கொஞ்சம் பொறுத்து, சிரித்துக்கொண்டே, "புள்ள, வாறன் எண்டு சொன்னன்" என்றார். ராத்தா இன்னும் வேகமாக மிதித்தாள். அவர் அதே இடத்தில் சற்று நேரம் நின்றார். என்னைப் பார்த்துக் கண்ணடித்தார், உங்கட ராத்தாவுக்குக் கோபம் என்கிற மாதிரி. பிறகு போய்விட்டார்.

அவர் ஏறின வேன் மட்டக்களப்புக்குப் போய்ச் சேரவில்லை. எங்கே மறித்தார்கள், யார் மறித்தார்கள் என்பதற்கு ஊரில் நாலு கதை இருந்தது. நாலுக்கும் சாட்சி இல்லை. ஆஸ்பத்திரிகளில் பார்த்தோம், முகாம்களில் கேட்டோம், கண்டேன் என்று சொன்னவர்களின் வீட்டுக்கெல்லாம் உம்மாவும் ராத்தாவும் போய் வந்தார்கள். ஒன்றும் இல்லை. அடக்குவதற்கு ஒரு மையித்தும் வரவில்லை.

மையித்து வந்திருந்தால் அழுது அடக்கியிருப்போம். ராத்தா வெள்ளை உடுத்து இத்தா இருந்திருப்பாள். மாப்பிள்ளை மௌத்தானால் பெண் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டுக்குள் ஒதுங்கியிருக்கிற கடமை அது. முடிந்ததும் அவள் விரும்பினால் அவளுக்கு இன்னொரு வாழ்க்கை உண்டு. மையித்தும் இல்லை, சேதியும் இல்லை என்றால் அவள் யார்? பெண்சாதியா, கைம்பெண்ணா? கலியாண வீட்டில் அவளை முன்னுக்குக் கூப்பிடுவதா, பின்னுக்கு வைப்பதா என்று மற்றப் பெண்கள் தடுமாறுவதை நான் கண்டிருக்கிறேன். ராத்தா எந்தக் கலியாணத்திலும் தானாகவே போய், சோறு, ஆணம் ஆக்குகிற அடுப்படியில் உட்கார்ந்துகொள்வாள். அப்படி ஒன்பது வருஷம் போனது.

அந்த ஒன்பது வருஷத்தில் எங்கள் கடப்பைத் தாண்டின ஒருவரும் பதில் வாங்காமல் போனதில்லை. மீன்காரர், மின்சார மீட்டர் பார்க்க வருகிறவர், தைத்த சட்டையை எடுத்துப்போகிற பெண்கள், எல்லோருக்கும் உண்டு. மெசினில் இருந்தால் காலை நிறுத்திவிட்டு உள்ளே இருந்தே "போய்ட்டு வாங்க" என்று கத்துவாள். எங்கள் வீட்டுப் பூனைக்கும் ஒரு முறை சொன்னாள். "தங்கச்சி, நீங்க சொல்லாட்டியும் நான் நாளைக்கு வருவன், சூரை மீனும் வரும்" என்பார் மீன்காரர். ஊர் சிரித்தது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? ராத்தாவும் சேர்ந்து சிரிப்பாள். அதுதான் எனக்குத் தாங்காது.

தொண்ணூறுகளின் கடைசியில் நான் கல்முனையில் ஒரு துணிக்கடைக்கு மேல் மாடியில் இருந்த கொம்பியூட்டர் சென்டரில் வேலைக்குச் சேர்ந்தேன். முதலில் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுத்தேன். பிறகு கொழும்பில் ஒரு கம்பனி எங்களுக்கு வெப் வேலை தரத் தொடங்கியது. இன்டர்நெட் என்று பெயர்தான். கொழும்புக்கு டயல் பண்ணி லைன் கிடைப்பதற்குள் நோன்பே திறந்துவிடலாம். அதனால் எழுதின புரோகிராமை பிளொப்பி டிஸ்க்கில் போட்டு, உறையில் ஒட்டி, கொழும்பு பஸ் கொண்டக்டரின் கையில் கொடுத்துவிடுவேன். அங்கே ஓட்டிப் பார்த்துவிட்டு, பிழைகளை இன்னொரு பிளொப்பியில் போட்டுத் திருப்பி அனுப்புவார்கள். பாதை மூடினால் இரண்டு பக்கமும் காத்துக் கிடப்போம்.

வேலை என்னவென்றால், தென்கரையில் ஒரு ஹோட்டலுக்கு அறை பதிவு செய்கிற பக்கங்கள். எப்போது வருகிறீர்கள் என்று ஒரு பக்கம் கேட்கும். பதில் வந்ததும் எத்தனை பேர் என்று அடுத்த பக்கம். பிறகு பெயர். கேட்க லேசாகத்தான் இருக்கிறது. அந்தக் காலத்து வெப் புரோகிராமுக்கு ஞாபகம் என்பதே கிடையாது. ஒரு பக்கத்தைக் கொடுத்ததும் செத்துப்போகும். ஆள் பதில் அனுப்பும்போது புதிதாகப் பிறந்து "நீங்க யாரு?" என்று கேட்கும். முன்பு சொன்னதையெல்லாம் ஒவ்வொரு பக்கத்துக்குள்ளும் ஒளித்து அனுப்பி, திரும்பத் திரும்ப வாங்க வேண்டும். எனக்கு வெறுத்துப்போனது.

எங்கள் வேலையை மேற்பார்த்த கொழும்புக்காரர் ஒருவர் வேறு வழி சொன்னார். அவரை நான் கண்டதில்லை, தொலைபேசிக் குரலாக மட்டும் தெரியும். கோரூட்டீன் என்று ஒன்று இருக்கிறது என்றார். சாதாரணப் புரோகிராம் துண்டைக் கூப்பிட்டால் அது தொடங்கி, முடித்து, விடையைக் கொடுத்துவிட்டுப் போகும். போனால் போனதுதான். கோரூட்டீன் நடுவழியில் நிற்கும். கையில் உள்ளதை வெளியே கொடுத்துவிட்டு, அந்த வரியிலேயே, எல்லா ஞாபகத்தோடும் உறங்கும். வெளியிலிருந்து ஒரு பதிலை உள்ளே கொடுத்து எழுப்பினால், அதை வாங்கிக்கொண்டு அதே வரியிலிருந்து நடக்கும். கொடுப்பதும் வாங்குவதும் ஒரே வரிதான். வலப்பக்கத்தால் கேள்வி வெளியே போகும், இடப்பக்கம் பதிலுக்காகத் திறந்து கிடக்கும். வருகிற ஒவ்வொரு விருந்தாளிக்கும் அப்படி ஒன்றைத் தொடங்கிவிட்டால் போதும்.

என் முதல் புரோகிராம் விருந்தாளியின் முதல் பதிலை விழுங்கியது. ஆட்கள் தொகை இருக்கிறது, பெயர் இருக்கிறது, வருகிற திகதியை மட்டும் காணோம். கீபோர்டை அடித்தேன், வகுப்புப் பிள்ளைகளுக்கு ஏசினேன், கரண்ட் போனதற்கும் யாருக்கோ ஏசினேன். கடைசியில் விளங்கியது. புதிதாகத் தொடங்கின கோரூட்டீன் இன்னும் கேட்கிற வரிக்கே வந்திருக்காது. அதற்குள் பதிலைக் கொடுத்தால் வாங்க ஆளில்லாமல் விழுந்துவிடும். முதல் தரம் வெறுங்கையோடு எழுப்பி, அது தன் கேள்வியை வெளியே கொடுத்துவிட்டு நிற்கும் வரை விட வேண்டும். பிறகுதான் பதில். எங்கள் உம்மாவும் அப்படித்தான். ஸலாம் சொல்லாமல் என்ன கதையைத் தொடங்கினாலும் காதில் வாங்க மாட்டார்.

அன்று பின்னேரம் வீட்டில் இதைச் சொல்லிச் சிரித்தேன். ராத்தா நூலைப் பல்லால் கடித்து அறுத்தபடி கேட்டாள், "அது என்னத்துக்கு நடுவில நிக்குது? எனக்கு விளங்கல்ல."

"மற்றதெல்லாம் போறன் எண்டு போயிரும் ராத்தா. இது வாறன் எண்டு சொல்லிப்போட்டு நிக்கும். பதில் வந்தா விட்ட இடத்திலிருந்து..."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கு உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"பதில் வராட்டி?"

"அப்படியே நிக்கும்."

"எவ்வளவு காலத்துக்கு?"

"மெசினை நிப்பாட்டுற வரைக்கும்."

"பாவம்" என்றாள். பிறகு தன் மெசினை மிதிக்கத் தொடங்கினாள்.

அந்த மாதங்களில்தான் அவளுக்கு ஒரு சம்பந்தம் வந்தது. சாய்ந்தமருதில் ஒரு வாத்தியார், மனைவி மௌத்தானவர். நல்ல மனிசன் என்று எல்லோரும் சொன்னார்கள். கலியாண வழக்குகளைத் தீர்க்கிற காதியாரிடம் போய் ராத்தா நடந்ததைச் சொன்னால் அவர் விசாரித்து ஒரு முடிவு தருவார், இத்தா முடிய நிக்காஹ் வைக்கலாம் என்று பள்ளிவாசல் நிர்வாகத்திலிருந்து மரைக்கார் ஒருவர் வந்து சொல்லிவிட்டுப் போனார். போக வேண்டியவள் ராத்தா. அவளுக்காக வேறு யாரும் போய்ச் சொல்ல ஏலாது.

"நான் கண்ணை மூடினா உனக்கு ஆரு இருக்கா, மகள்?" என்று உம்மா அழுதார்.

"அவர் மௌத்தாப் போனார் எண்டு என்ட வாயால சொல்லச் சொல்றீங்களா?" என்றாள் ராத்தா. அதோடு கதை நின்றது.

அவளுக்கு முப்பது தாண்டிவிட்டது. பிள்ளை ஆசை இல்லாதவள் இல்லை. குழந்தைச் சட்டை தைத்து முடித்தால் மட்டும் உடனே மடித்து வைக்க மாட்டாள், கொஞ்ச நேரம் மடியில் போட்டிருப்பாள். இந்த வருஷம் அவள் காதியாரிடம் போகாவிட்டால் பிறகு போயும் என்ன என்று எனக்குப் பயமாக இருந்தது. அவளிடம் சொல்லத் தைரியம் இல்லை. மற்ற எல்லோரிடமும் எரிந்து விழுந்தேன்.

அப்போது கொழும்பிலிருந்து டெலிபோன் கோல் வந்தது. ஹோட்டல் புரோகிராம் ஓடுகிற மெசின் மூச்சு முட்டி நிற்கிறதாம். காரணம் லேசு. பாதிப் பேர் திகதியைச் சொல்லிவிட்டு, மனம் மாறி, எழும்பிப் போய்விடுகிறார்கள். வெப்பில் யாரும் சொல்லிக்கொண்டு போவதில்லை. அவர்களுக்காகத் தொடங்கின கோரூட்டீன்கள் பதிலை எதிர்பார்த்து மெசினின் ஞாபகத்தை நிரப்பிக்கொண்டு நின்றன.

"டைம் ஒண்ணு வைங்க மிஸ்" என்றார் கொழும்புக்காரர். "அரை மணித்தியாலம். அதுக்குள்ள வராட்டி கில் பண்ணிடுங்க."

"அரை மணித்தியாலமா? மனிசன் சோறு திண்டுட்டு வர மாட்டானா?"

"வர மாட்டாங்க மிஸ். போனவங்க போனவங்கதான்."

"அது உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்க போய்ப் பார்த்தீங்களா?"

வீட்டுக் கோபத்தையெல்லாம் அந்த மனிசன் தலையில் கொட்டினேன். "மிஸ், நான் என்ன பிழையாச் சொல்லிட்டேன்?" என்று கேட்டார். பாவம், அவருக்கு என்ன தெரியும். ரிசீவரை வைத்துவிட்டு, வகுப்புப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்க, விசும்பி அழுதேன்.

கோபம் ஆறின பிறகு யோசித்தால், கொல்வது வேலையாகவே பிழை என்று தெரிந்தது. ஒவ்வொரு கோரூட்டீனும் தன் விருந்தாளிக்காக ஒரு அறையைப் பிடித்து வைத்திருந்தது. உறக்கத்திலேயே அதைக் கொன்றால் அறையை விடுகிற வரிகள் ஓடாது. அறை ஆளில்லாமல் பூட்டினபடி கிடக்கும், வேறு யாருக்கும் கொடுக்கவும் ஏலாது. ஆகவே நேரம் கடந்ததும் அதை எழுப்ப வேண்டும். பதில் போக வேண்டிய அதே வழியால், இனிப் பதில் வராது என்பதற்கு ஒரு அடையாளத்தை உள்ளே கொடுக்க வேண்டும். அதை வாங்கிக்கொண்டு, பிடித்த அறையை விட்டு, எடுத்ததை எடுத்த இடத்தில் வைத்து, கடைசி வரி வரை நடந்து அது தானாக முடியும். அப்படியே எழுதி பிளொப்பியை பஸ்ஸில் கொடுத்தேன்.

அந்தக் கிழமையில் ஒரு நாள் ராத்தா திடீரென்று கேட்டாள், "உன்ட கொம்பியூட்டருக்குள்ள நிக்கிறதுகளுக்கு என்ன செஞ்ச?" அவள் அதை மறக்கவே இல்லை.

"எழுப்பி, இனிப் பதில் வராது எண்டு சொல்ற மாதிரி எழுதிப்போட்டன்."

"சொல்லித்தான் ஆகணுமா? சும்மா விட்டா என்ன?"

"சும்மா விட்டா அறை பூட்டினபடி கிடக்கும் ராத்தா. ஆருக்கும் பிரயோசனம் இல்ல."

அவள் மிதிப்பதை நிறுத்தினாள். கையில் ஒரு குழந்தைச் சட்டை இருந்தது.

"நான் அவருக்குக் காத்துக்கொண்டு நிக்கிறன் எண்டுதானே நீங்க எல்லாரும் நினைக்கிறீங்க" என்றாள். "நான் இல்லடி. அவர்தான் நிக்கிறார். ரெண்டு தரம் வாறன் எண்டு சொன்னார். நான் வாயத் திறக்கல்ல. இன்னும் அந்தக் கடப்படியிலதான் நிக்கிறார். நான் பதில் சொல்லாம அவர் எப்படிப் போவார்?"

ஒன்பது வருஷமாக நான் அவளைத் தலைகீழாக விளங்கி வைத்திருந்தேன். அவளுக்குப் பக்கத்தில் நிலத்தில் உட்கார்ந்துகொண்டேன். அவள் சட்டையை மடித்து வைத்தாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து சாப்பிடும்போது, "காதியாரிட்டப் போவம்" என்றாள். நான் சொன்னதாலா, தானாகவா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

காதியார் கண்ணாடி போட்ட, இருமல்காரரான ஒரு மனிசன். நடந்ததை ஒவ்வொன்றாகக் கேட்டார். "கடைசியா உங்களுக்கிட்ட என்ன சொன்னார் மகள்?" என்றார்.

"வாறன் எண்டு சொன்னார்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

ராத்தா முக்காட்டை இழுத்துத் தலையைக் குனிந்துகொண்டாள். அவர் அந்தக் கேள்வியை மறுபடி கேட்கவில்லை.

பல தடவை போய் வந்தோம். காதியார் ஊரில் விசாரித்தார், மார்க்கம் படித்த ஆலிம்களிடமும் கேட்டார். இதற்கிடையில் வாத்தியார் வீட்டார் வேறு இடத்தில் பேசி முடித்துவிட்டார்கள். மரைக்கார் வந்து, சொல்ல வெட்கப்பட்டு, தேத்தண்ணீர் குடித்து முடிந்த பிறகுதான் சொன்னார். ஆறின கஞ்சி பழங்கஞ்சி. அவர்களைக் குறை சொல்லி என்ன? ஆனால் அவள் மடியில் ஒரு பிள்ளை இருக்கும் என்று நான் நினைத்ததெல்லாம் அந்த ஒரு கோப்பைத் தேத்தண்ணீரோடு போய்விட்டது. இனி இவள் காதியாரிடமும் போக மாட்டாள் என்று உம்மா தலையில் கை வைத்தார். ராத்தா மரைக்காருக்கு "போய்ட்டு வாங்க" என்று பதில் கொடுத்து அனுப்பிவிட்டு வந்தாள்.

"அந்த வாத்தியாருக்காகவா உம்மா நான் போனன்?" என்றாள். அடுத்த தவணைக்கும் போனாள்.

மச்சான் மௌத்தானதாக எடுத்துக்கொண்டு இத்தா இருக்கும்படி காதியார் முடிவு சொன்ன நாளில், அஸர் தொழுதுவிட்டு உம்மா வெள்ளைச் சேலையை எடுத்து வைத்தார். அறையைக் கூட்டி, பாயை விரித்தோம். ராத்தா வாசல்படியில் நின்று, "கொஞ்சம் பொறுங்க" என்றாள். முற்றத்தில் இறங்கிக் கடப்படிக்குப் போனாள். தெருவில் யாரும் இல்லை. நான் கிணற்றடியில் நின்றேன். அன்றைக்கு நின்ற அதே இடம்.

அவள் வேலிக் கம்பைப் பிடித்துக்கொண்டு கனநேரம் நின்றாள். மீன்காரருக்கும் பூனைக்கும் கொடுத்த பதிலை உரியவருக்குக் கொடுக்கப்போகிறாள் என்று நான் நினைத்தேன்.

"போங்க" என்றாள்.

அவர் இரண்டு தரம் சொன்னாரல்லவா, அவளும் கொஞ்சம் பொறுத்து இன்னொரு தரம் சொன்னாள். "ஓம். போங்க."

அந்தச் சொல்லுக்கு எங்கள் வீட்டில் வாயில் அடி விழும். உம்மா வெள்ளைச் சேலையை மடியில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். ராத்தா திரும்பி வந்ததும் எழும்பி, சேலையை விரித்துப் பிடித்தார்.